இருபது விநாடிக் குரல்

மூதூரில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் ஆண்டு படிக்கும் மகள், உம்மாவின் போனோடு கோடிப்புறத்துக்குப் போய் நின்றாள். வீட்டில் மீன் வெட்டுவதைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொல்லி, வாட்ஸப்பில் ரீச்சருக்கு அனுப்ப வேண்டும். முதல் தரம் சேவல் கூவியது, அழித்தாள். அடுத்த தரம் 'ஃபிஷ்' வந்தது, 'கட்டிங்' வரவில்லை, அழித்தாள். ஐந்தாந்தரம்தான் அனுப்பினாள். மொத்தம் இருபது விநாடி.

நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடப் பாடம் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம், அதுவும் ரீச்சர் வாயே திறக்காவிட்டால். சாதாரண தரப் பரீட்சையிலும் ஆங்கிலம் எழுத்துத் தாள்தான். பிறகு பிள்ளை எங்கே பேசுவது?

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது ஈ-தக்சலாவ இணையத்தளமும் தொலைக்காட்சிப் பாடங்களும் கைகொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் அவை பேசின, பிள்ளை கேட்டது. சூமில் பேசலாம், ரீலோட் தீரும்வரை, கரண்ட் போகும்வரை. 2022 மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணித்தியாலம். குரல்பதிவோ, சிக்னல் வரும்வரை காத்திருந்து போய்ச் சேர்ந்துவிடும்.

யூரியூபில் தமிழ்வழி ஆங்கிலம் கொட்டிக் கிடக்கிறது, பெரும்பாலும் தமிழ்நாட்டார் செய்தவை. அவர்கள் நாக்கை மடித்து 'டீச்சர்' என்பதை இங்கே நம்மில் பலர் 'ரீச்சர்' என்று எழுதுகிறோம். இது பிழையல்ல. 'வெற்றி', 'காற்று' என்று நாம் சொல்லும்போது நுனிநாக்கு பல்முரசைத் தொடுகிறதே, ஆங்கிலத்தின் அந்த ஒலிக்கு அதுதான் மிகக் கிட்ட. மூதூரின் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இன்னொரு முதலும் உண்டு. குர்ஆன் ஓதிப் பழகியதால், தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத எஃப், இஸட் ஒலிகள் அவர்கள் நாவில் ஏற்கெனவே இருக்கின்றன. இதை ஆங்கிலம் பழக்கும் செயலி அறியாது, உள்ளூர் ரீச்சர் அறிவார். கூகுளின் 'ரீட் அலோங்' செயலி, கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமில்லாமலே பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும்படி செய்யப்பட்டது. நல்ல வேலைதான். ஆனால் 'நேற்று ஏன் மகள் வரல்ல?' என்று அது கேட்காது.

1660இல் கொட்டியாரக் குடாவுக்கு வந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் மாலுமி ரொபர்ட் நொக்ஸ், கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்த மூதூர்ப் பக்கத்தில்தான். 19 வருடச் சிறைவாசத்தில், தான் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து ஆங்கில பைபிள் ஒன்றை வாங்கினார். ஆனால் சிங்களம் பழக அவருக்கு அப்படி ஒரு புத்தகமும் தேவைப்படவில்லை. பேசினால் பதில் சொல்ல ஊர் இருந்தது.

அந்தப் பதிலுக்குத்தான் இங்கே ஆள் வேண்டும். இரவில் ரீச்சரின் போனில் நாற்பது குரல்கள். கேட்டு, திருத்தி, திருப்பிச் சொல்ல ஒரு மணித்தியாலமாவது போகும். நேரசூசியில் அதற்கு இடமில்லை. ரீலோட்டும் அவர் காசு. புதிய செயலிக்குக் கேள்விமனு கோருமுன், அந்த ஒரு மணித்தியாலத்தை வேலையாகக் கணக்கெடுத்து, மாதாந்த டேட்டாவையும் அதிகாரிகள் கொடுக்கட்டும்.

அன்று பதில் வர இரவு பத்து மணியாகிவிட்டதாம். அதுவரை மகள் தூங்கவில்லை என்று உம்மா மறுநாள் குறைப்பட்டார்.