தொனி சரியில்லை

எழுதுகிறவர்கள் ஒருவர் கதையை மற்றவர் வாசித்துக் கருத்துச் சொல்லும் குழுக்கள் இப்போது நிறைய. வாட்ஸ்அப்பில், மின்னஞ்சலில், மாதம் ஒருமுறை சூம் கூட்டத்தில். பெயர்கள் வேறானாலும் விதிகள் மூன்றுதான்: படைப்பைப் பேசு, படைப்பாளியைப் பேசாதே, விமர்சனத்தைப் பொறுத்துக்கொள், நாகரிகமாக எழுது. இவற்றைக் காக்க ஒரு மட்டுறுத்துநர். தான் யார் பக்கமும் இல்லை என்று அவர் சொல்வார். அந்த நடுநிலை பெண்கள் தலையில்தான் விடிகிறது.

முதல் விதியைப் பாருங்கள். ஓர் ஆண், கொலைகாரன் ஒருவனைத் தன்மையில் எழுதினால், "பாத்திரமாவே மாறிட்டீங்க சார்" என்பார்கள். அவர் வீட்டுக்குப் போலீஸ் அனுப்பலாமா என்று யாரும் யோசிப்பதில்லை. ஒரு பெண், திருமணத்துக்கு வெளியே ஓர் உறவைத் தன்மையில் எழுதிவிட்டால், "சொந்த அனுபவமா மேடம்?" 2002-இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோதும் இதுதான் நடந்தது. கவிதைகளைவிடத் தலைப்பு அதிகம் பேசப்பட்டது. தலைப்பைவிட, அதை வைத்தவரின் ஒழுக்கம். படைப்பாளியைப் பேசாதே என்ற விதி பெண்ணின் பெயரைக் கண்டதும் ஓய்வெடுத்துக்கொள்கிறது.

நான் இருந்த ஒரு குழுவில் ஒரு தோழி, கருக்கலைப்பைப் பற்றிய கதை ஒன்றைப் போட்டார். முதலில் வந்த பின்னூட்டம்: "வணக்கம் சகோதரி. நல்ல முயற்சி. உங்க வீட்டுக்காரர் படிச்சாரா?" கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். தோழி எழுதினார்: "என் வீட்டுக்காரர் இந்தக் குழுவில் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். நீங்கள் படித்தீர்களா?" மட்டுறுத்துநர் நீக்கியது தோழியின் பதிலை. காரணம், தொனி சரியில்லை. கேள்வி அங்கேயே இருந்தது. அதில்தான் வணக்கமும் சகோதரியும் இருக்கின்றனவே! நான் ஆட்சேபித்தபோது, "இரண்டு பக்கமும் சூடாகிவிடக் கூடாது இல்லையா" என்றார். ஒரு பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது; சூடு ஒரு பக்கம்தான் பட்டது.

நாகரிகம் என்பது இங்கே சொல்லின் மேல்பூச்சு. பூச்சு இருந்தால் உள்ளே எதையும் வைத்து அனுப்பலாம். அதனால்தான் அவமதிப்பவர் பெரும்பாலும் மிகப் பணிவாக எழுதுகிறார், அவமதிக்கப்பட்டவர் மாட்டிக்கொள்கிறார். இதில் சாதியும் சேர்ந்துகொள்ளும். தெருவில் பேசுகிற மொழியில் எழுதும் தலித் பெண்ணிடம் "கொச்சையாக இருக்கிறது, நல்ல தமிழில் திருத்துங்கள்" என்பது மொழித்திருத்தமாகவே கணக்கில் எடுக்கப்படுகிறது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் அந்தப் பேச்சுமொழியில்தான் வந்தது. அதை அத்தியாயம் அத்தியாயமாக இப்படியொரு குழுவில் போட்டிருந்தால், எத்தனையாவது அத்தியாயத்தில் அவரைத் திருத்தி முடித்திருப்பார்கள்?

வசையைவிட எனக்குக் கோபம் வருவது பாராட்டின் மேல். "அருமை தோழி", ஒரு பூங்கொத்து, கைகூப்பு. அவ்வளவுதான். அதே வாரம் ஓர் ஆணின் கதைக்கு நாற்பது வரியில் பின்னூட்டம் வரும்: நான்காம் பத்தியில் காலம் குழம்புகிறது, கிழவியின் பேச்சு பொருந்தவில்லை, முடிவை ஒரு பக்கம் முன்பே நிறுத்தியிருக்கலாம். அவன் அடுத்த கதையில் தேறுவான். பூங்கொத்து வாங்கியவள் அதே இடத்தில் நிற்பாள். பிறகு, "பெண்கள் எழுத்தில் வடிவ நேர்த்தி இல்லை" என்று இவர்களே கூட்டத்தில் பேசுவார்கள். கறாரான விமர்சனம் எங்களுக்கு ஆகாது என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எங்களுக்குக் கிடைக்காததே அதுதான்.

இரண்டாவது விதி, பொறுத்துக்கொள்வது. இது இங்கே பிறந்ததல்ல. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை 1936-இல் தொடங்கியது. அதன் வழியில் வந்த பட்டறைகளில் ஒரு வழக்கம் ஊன்றிவிட்டது: உன் கதையை மற்றவர்கள் விவாதிக்கும்போது நீ வாய் திறக்கக் கூடாது. அறையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்திருந்தால் இது நல்ல பயிற்சி. சாண்ட்ரா சிஸ்னெரோஸ் 1970களின் பிற்பகுதியில் அங்கே படித்தவர். சிகாகோவின் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்துப் பெண். வகுப்பில் வீடு என்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவர்கள் சொல்லும் வீடு தான் வளர்ந்த வீடல்ல என்று உறைத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1984-இல் வந்த அவருடைய 'மாங்கோ தெரு வீடு' அந்த அன்னியத்திலிருந்து முளைத்தது. முளைத்தது அவருடைய பிடிவாதத்தால். பட்டறையின் புண்ணியத்தால் அல்ல. பிறந்ததிலிருந்து "வாயை மூடு" கேட்டே வளர்ந்தவளிடம் மௌனத்தை இலக்கியப் பயிற்சி என்று விற்காதீர்கள்.

பெயரை மறைத்து வாசித்தால் தீர்ந்தது என்பார்கள் சிலர். ஆலிஸ் ஷெல்டன் என்ற அமெரிக்கப் பெண் 1960களின் பிற்பகுதியிலிருந்து ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் அறிவியல் கதைகள் எழுதினார். அவர் பெண்ணாக இருக்கலாம் என்ற பேச்சை, 1975-இல் அவருடைய தொகுப்புக்கு முன்னுரை எழுதிய ராபர்ட் சில்வர்பெர்க் அபத்தம் என்று ஒதுக்கினார். அந்த எழுத்தில் மறுக்கவியலாத ஆண்தன்மை இருப்பதாகச் சொன்னார். ஈராண்டுக்குள் உண்மை வெளிவந்தது. நமக்கு நல்ல சிரிப்பு. ஆனால் முகமூடி போட்டால்தான் நியாயம் கிடைக்கும் என்றால் அது எப்படி நியாயம்? மாதவிடாயையோ மாமியார் வீட்டு அடுக்களையையோ எழுதுகிறவளுக்கு முகமூடி இரண்டு வரிகூடத் தாங்காது. போதாததற்கு, பின்னூட்டம் போடுபவரின் பெயரும் சேர்ந்து மறைந்தால் அவருக்குக் கொண்டாட்டம்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த முறையில் முதலில் பார்வையாளர்கள் தங்களை எது தொட்டது என்று சொல்கிறார்கள், அடுத்து, படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்கிறார், பிறகு மற்றவர்கள் தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்கிறார்கள், கடைசியாகத்தான் கருத்து, அதுவும் "இதைப் பற்றிச் சொல்லலாமா?" என்று அனுமதி பெற்று. "உங்க வீட்டுக்காரர் படிச்சாரா?" இதில் எந்தப் படியில் நுழையும்?

தோழியும் நானும் இன்னும் ஆறு பேரும் இப்போது இந்த முறையில்தான் கதைகளை வாசிக்கிறோம். மட்டுறுத்துவது மாதம் ஒருவர். எதை நீக்கினாலும், புகார் வந்தும் எதை விட்டுவைத்தாலும், காரணத்தை எல்லாரும் பார்க்க எழுத வேண்டும். "தொனி" என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாக ஏற்பதில்லை. எந்தச் சொல், யாரை, எப்படி என்று எழுத வேண்டும். கருக்கலைப்புக் கதைக்கு இங்கே மூன்று பக்கப் பின்னூட்டம் வந்தது. நடுப்பகுதி தொய்கிறதாம். தோழி இரண்டு நாள் சண்டை போட்டார். பிறகு நடுப்பகுதியை மட்டும் மாற்றி எழுதினார்.