தோலுக்கு ஒரு நியாயம், படத்துக்கு ஒரு நியாயமா?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் ஷேடு பார்ப்பதைக் கண்டவர்களுக்குத் தெரியும். வாங்குபவர் ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டையும் புதுத் தோலையும் லைட் பாக்ஸில் அருகருகே வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு இன்னொரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அதே தோலில் செய்த ஷூவின் கேட்லாக் படத்துக்கு மட்டும் யாரோ ஒருவரின் மானிட்டர் போதுமாம்!

டான் நிறம் செங்கல் நிறமாக அச்சாகி வந்தால் திட்டு பிரஸ்காரருக்கு. படத்தை நம்பி ஆர்டர் கொடுத்தவர் சரக்கைப் பார்த்து "இது அந்த ஷேடு இல்லை" என்றால் நஷ்டம் யாருக்கு?

அச்சில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டத்தான் ஃபோட்டோஷாப்பில் சாஃப்ட் ப்ரூஃப் இருக்கிறது. ஆனால் அங்கே பலரும் மாற்றாமலே விட்டிருப்பது ஸ்வாப் ப்ரொஃபைல், அதாவது அமெரிக்க வெப் ஆஃப்செட்டுக்கானது. சிவகாசியில் ஷீட் மெஷினில் ஓடப்போகும் ஆர்ட் பேப்பரைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? அந்த மெஷினுக்கும் தாளுக்கும் உரிய ஐசிசி ப்ரொஃபைலை பிரஸ்ஸிடமே கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

இன்னொரு கூத்து, 'கன்வெர்ட்' செய்ய வேண்டிய இடத்தில் 'அசைன்' செய்வது. அடோபி ஆர்ஜிபி படத்துக்கு எஸ்ஆர்ஜிபி லேபிளை ஒட்டினால் நிறம் அங்கேயே வெளுத்துவிடும். (காலிபரேட் செய்யாத மானிட்டர் தனிக்கதை!)

ப்ரொஃபைல் இல்லாத சின்ன பிரஸ்ஸா? ஃபைலோடு ஒரு தோல் துண்டையும் கொடுத்தனுப்பலாம். ப்ரூஃப் தாள் வந்ததும் இரண்டையும் அதே லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு ஓகே சொல்லலாமே.