சொந்தப் பெயருக்குக் கப்பம்

மாதம் பிறந்ததும் வாடிக்கையாளர்களுக்கு நான் அனுப்பும் கணக்கில் ‘சொந்தப் பெயர்’ என்று ஒரு வரி தனியாக இருக்கும். ஒரு கடையின் பெயரையே தட்டித் தேடியவர்கள், தேடல் பக்கத்தின் உச்சியில் இருந்த அதே கடையின் விளம்பரத்தைத் தொட்டதற்கு ஆன செலவு அது. மற்ற வரிகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்கூட இந்த வரிக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்திவிடுவார்கள்.

கோவையில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் அலுவலகம். இணையதளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்இஓ வேலை, காசு கட்டித் தேடல் விளம்பரம் போடும் வேலை, இரண்டும் செய்கிறோம். பம்பு உதிரிபாகக் கடை, பல் மருத்துவமனை, வால்பாறையில் தங்கும் விடுதி என்று எல்லாம் நடுத்தர ஆட்கள். அதில் கணபதி பக்கம் வெட் கிரைண்டர் செய்கிற ஒரு பெரியவர்தான் இந்த வரிக்காக என்னோடு மல்லுக்கு நின்றவர். “ஏனுங் அம்மிணி, எங்கப்பன் வெச்ச பேருங்க இது. இந்தப் பேரைச் சொல்லித் தேடி வர்றவனுக்கு நான் எதுக்குங்க காசு கட்டோணும்?”

விளம்பரத்தை நிறுத்திவிட்டு அவர் கைபேசியிலேயே அவர் கம்பெனிப் பெயரைத் தேடிக் காட்டினேன். முதலில் வந்தது போட்டிக் கம்பெனி. அடுத்தது ஓர் இணைய அங்காடி. கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிய பிறகுதான் அவருடைய இணையதளம். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்ப இது கப்பமுங்க” என்றார். மறுநாளே விளம்பரத்தை ஓட்டச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதுதான் என் கருத்தும். தேடல் விளம்பரத்தை ஒட்டுமொத்தமாகத் திட்டுகிற கட்சி அல்ல நான். அதில்தான் என் அடுப்பு எரிகிறது. ‘டில்டிங் கிரைண்டர் விலை’ என்று ஒருவர் தேடினால் அந்தச் சொற்கள் யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. அங்கே விளம்பர இடத்துக்கு ஏலம் நடக்கட்டும். நேற்று தொடங்கிய கம்பெனி, நாற்பது வருடக் கம்பெனிக்குப் பக்கத்தில் நின்று கூவ அது ஒன்றுதான் வழி. அந்தக் களத்தில் வேலை தெரிந்தவருக்கு மதிப்பும் உண்டு. ‘கிரைண்டர்’ என்ற கீவேர்டை, அதாவது விளம்பரத்துக்காக வாங்கும் தேடல் சொல்லை, அப்படியே விட்டால் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் தேடும் வெல்டரும், காப்பிக்கொட்டை அரைக்கிறவரும், அதே உச்சரிப்புள்ள ஒரு கைபேசிச் செயலியைத் தேடும் இளைஞரும் வந்து தொட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு தொடுதலுக்கும் காசு, அதன்மேல் 18% ஜிஎஸ்டி. இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைக்காரருக்கு அந்த ஜிஎஸ்டியும் திரும்பி வராது. வேண்டாத சொற்களை ‘நெகட்டிவ்’ பட்டியலில் போட்டுப் போட்டு வடிகட்டுவதுதான் எங்கள் தினசரிப் பாடு.

பெயர் வேறு சங்கதி. பெயரைத் தேடுகிறவர் எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அவரை வரவழைத்தது கல்யாண வீட்டில் அந்த கிரைண்டரைப் பார்த்த அத்தை. அல்லது பத்து வருடமாகப் பழுதில்லாமல் ஓடும் மோட்டார். தேடுபொறி செய்தது வழியைக் காட்டியது மட்டும். அந்த வழியில் கேட் போட்டு இரண்டு பக்கமும் காசு வாங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்த ஏலம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் கோடூ.காம் என்ற தேடுதளத்தைத் தொடங்கி, தேடும் சொற்களை ஏலம் விட்டார். அதிகம் கேட்டவருக்கு முதல் இடம். யாராவது தொட்டால்தான் காசு. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்திலேயே, அதற்காக விளம்பரதாரர் எவ்வளவு கட்டுகிறார் என்பதையும் அச்சடித்ததுபோல் போட்டார்கள். தேடுகிறவருக்கு எல்லாம் வெட்டவெளிச்சம். கூகுள் 2000 அக்டோபரில் சுமார் 350 விளம்பரதாரர்களோடு ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-இல் தொடுதலுக்குக் காசு என்ற ஏல முறைக்கு வந்தது. கூடவே ஒரு நல்ல மாற்றமும் செய்தது. அதிகம் கேட்டவருக்கு மட்டும் அல்லாமல், மக்கள் எந்த விளம்பரத்தை அதிகம் தொடுகிறார்கள் என்பதையும் பார்த்து இடம் கொடுத்தது. கேட்ட தொகை முழுவதையும் கட்ட வேண்டியதில்லை, உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்டத் தேவையான அளவு கட்டினால் போதும் என்பதும் விதி. கணக்குப் பார்த்தால் நியாயமான முறைதான். ஆனால் விலை மறைந்துவிட்டது.

ஈரோட்டு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சளுக்கு மறைமுக ஏலம் நடக்கும். வியாபாரிகள் ஒருவர் விலையை மற்றவர் அறியாமல் எழுதிப் போடுவார்கள். எழுதும்வரைதான் அது மறைமுகம். முடிந்ததும் எந்தக் குவியலுக்கு என்ன விலை என்று தெரிந்துவிடும், கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி கொடுக்காமல் எடுத்துக்கொண்டும் போகலாம். தேடல் ஏலத்தில் முடிந்த பிறகும் எதுவும் தெரியாது. எதிராளி எவ்வளவு கேட்டான், கீழ் வரம்பு எவ்வளவு, நேற்று ஏழு ரூபாயாக இருந்தது இன்று ஒன்பது ஆனது ஏன் என்பதற்கெல்லாம் பதில் கிடையாது. அமெரிக்க அரசு கூகுள்மேல் தொடர்ந்த வழக்கில், 2023-இல் அந்நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஜெரி டிஷ்லர் சாட்சிக் கூண்டில் ஒன்றை ஒப்புக்கொண்டார். விளம்பரதாரர்களுக்குச் சொல்லாமலே ஏலத்தைச் சரிக்கட்டி விலையை 5% வரை, சில தேடல்களுக்கு 10% வரைகூட உயர்த்தியிருக்கிறார்கள். அந்த வழக்கில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலிலும் தேடல் பக்கத்து எழுத்து விளம்பரங்களிலும் கூகுள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தார். கணபதிப் பெரியவருக்கு இந்தச் செய்தியை நான்தான் சொன்னேன். “கடைக்காரனே தராசுல கை வெச்சிருக்கானா?” என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

சொந்தப் பெயருக்குக் காசு கட்டுவது வீண் என்று காட்டிய ஆய்வும் உண்டு. ஈபே நிறுவனம் 2012-இல் தன் பெயருக்கான விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5% பேர் காசில்லாத முடிவைத் தொட்டு அதே கடைக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்டீவ் டடேலிஸ் உள்ளிட்ட பொருளியலாளர்கள் இதை எழுதி வெளியிட்டார்கள். என் தொழில்காரர்கள் இந்த ஆய்வைப் பற்றி வாடிக்கையாளரிடம் வாய் திறப்பதில்லை. ஆனால் இதை அப்படியே நம் ஊர்ச் சின்னக் கடைக்குப் பொருத்தவும் கூடாது. ஈபேயின் பெயரை அமெரிக்காவில் குழந்தையும் அறியும். மேலே யார் விளம்பரம் இருந்தாலும் தாண்டிப் போய்விடுவார்கள். நம் கிரைண்டர் கம்பெனிப் பெயரைத் தேடுகிறவருக்கு ‘ஸ்ரீ’ முன்னால் வருமா பின்னால் வருமா என்பதே சந்தேகம். முதலில் நிற்பதைத் தொட்டுவிடுவார். ஆகவே நான் சொல்லும் யோசனை: உங்கள் பெயரில் வேறு யாரும் விளம்பரம் போடவில்லையா, நீங்களும் போடாதீர்கள். எவனாவது வந்து உட்கார்ந்தால் மட்டும், குறைந்த பட்ஜெட்டில் போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தக் கேள்வி இந்தியாவில் சூடுபிடித்ததே சென்னையில்தான். பாரத் மேட்ரிமோனி நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், தமிழ் மேட்ரிமோனி போன்ற தன் பெயர்களைப் போட்டித் திருமணத் தளங்கள் கீவேர்டாக வாங்குவதை எதிர்த்துக் கூகுளையும் அந்தத் தளங்களையும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2010-இல் நீதிபதி வி.ராமசுப்பிரமணியன் தந்த இடைக்கால உத்தரவு, பொதுச் சொற்களைச் சேர்த்து ஒட்டிய பெயருக்கு அப்படித் தனியுரிமை கோர முடியாது என்ற திசையில் போனது. ‘தமிழ்’ எல்லோருக்கும் பொது, ‘மேட்ரிமோனி’யும் பொது என்றால் அதில் நியாயம் இருக்கிறது. அதே நிறுவனத்தின் புகாரின்பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. ஆனால் அது தேடல் முடிவுகளை அடுக்கிய விதத்துக்காக. ஆட்வேர்ட்ஸ் நடைமுறையில் ஆணையம் குற்றம் காணவில்லை. பிறகு, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் அகர்வால் பேக்கர்ஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில் 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ஒரு படி முன்னே போனது. வணிகப் பெயரை கீவேர்டாக விற்பதில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல என்றது. கூடவே, வாடிக்கையாளருக்குக் குழப்பம் ஏற்படாதவரை அது தவறும் அல்ல என்றது.

இந்தக் ‘குழப்பம்’ என்ற அளவுகோலில்தான் எனக்குச் சண்டை. யாருடைய குழப்பம்? நீதிமன்றத்தில் பெரிய காகிதத்தில் அச்சடித்துக் காட்டும்போது விளம்பரம் எது, இயல்பான முடிவு எது என்று பளிச்சென்று தெரியும். ஐந்தரை அங்குலத் திரையில், வெயிலில், கண்ணாடி போடாத ஐம்பது வயதுக்காரர் பார்க்கும்போது தெரியாது. ஒரு காலத்தில் கூகுள் விளம்பரங்களுக்குப் பின்னால் மெல்லிய நிறம் பூசியிருந்தது. 2013-இல் அதை எடுத்துவிட்டு மஞ்சள் சிட்டை வைத்தார்கள். 2016-இல் சிட்டை பச்சையானது, இணைய முகவரி இருக்கும் அதே பச்சை. அப்புறம் வெறும் கறுப்பு எழுத்து. நிறத்தை அழிக்க இத்தனை வருடம் பொறுமையாக உழைத்திருக்கிறார்கள், காரணம் இல்லாமலா? கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் மாணவர்களாக எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே, விளம்பரத்தில் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம்தான் சாயும் என்று எச்சரித்திருந்தார்கள். 2024-இல் அந்த நிறுவனத்துக்குத் தேடல் பிரிவிலிருந்து மட்டும் வந்த வருவாய் ஏறத்தாழ 19,800 கோடி டாலர்.

பழி முழுவதையும் அங்கேயே இறக்கிவைத்தால் என் தொழிலுக்கு நான் சலுகை காட்டியதாகிவிடும். சொந்தப் பெயர்த் தொடுதல் ஏஜென்சிகளுக்கு அல்வா. ஏற்கெனவே வாங்க முடிவு செய்தவர் வருவதால் பாதிப் பேர் ஆர்டர் போட்டுவிடுவார்கள். அந்த எண்ணிக்கையை மற்றவற்றோடு கலந்துவிட்டால், ‘ஒரு ரூபாய் போட்டோம், எட்டு ரூபாய் வியாபாரம்’ என்று ரிப்போர்ட்டில் அழகாகக் காட்டலாம். செலவில் இத்தனை சதவீதம் என்று கூலி வாங்குகிற ஏஜென்சிக்கு அதிலும் ஒரு பங்கு. பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற கூகுளின் தானியங்கி விளம்பர முறை வந்தபிறகு, கலப்பது இன்னும் எளிதாகிவிட்டது. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு போனது என்பதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

எஸ்இஓ பற்றி இரண்டு வார்த்தை. ‘முதல் பக்கம், முதல் இடம், உத்தரவாதம்’ என்று தொலைபேசியில் அழைப்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பேக்லிங்குகளால், அதாவது பிற தளங்கள் தரும் இணைப்புகளால், மேலே ஏறிய அமெரிக்காவின் ஜேசி பென்னி நிறுவனம், 2011-இல் ஒரு செய்தித்தாள் அதைக் கூகுளுக்குக் காட்டியதும் ஒரே நாளில் பல பக்கங்கள் கீழே போனது. நல்ல எஸ்இஓ சலிப்பூட்டும் வேலை. பெயர், முகவரி, தொலைபேசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கிரைண்டர் கல் ஆடினால் என்ன செய்வது, பெல்ட் எந்த அளவு என்று மக்கள் உண்மையில் கேட்பதற்குத் தமிழிலேயே பதில் எழுத வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் உங்கள் பெயரைத் தேடுகிறவருக்குக் காசில்லாத முடிவுகளில் நீங்கள்தான் முதலில் நிற்பீர்கள். அதற்கும் மேலே நாலு விளம்பரத்தை அடுக்கினால், அந்த உழைப்புக்கு என்ன மரியாதை?

என் கோரிக்கை சிறியது. பதிவு பெற்ற, பொதுச் சொல் அல்லாத ஒரு வணிகப் பெயரை அப்படியே தேடும்போது, அந்தப் பெயருக்கு உரியவரின் இணையதளம் எல்லா விளம்பரத்துக்கும் மேலே காசில்லாமல் நிற்க வேண்டும். போட்டியாளர் கீழே விளம்பரம் போடட்டும், யாரும் தடுக்கவில்லை. இதைத் தேடுபொறிகள் தாமாகச் செய்யப்போவதில்லை. போட்டி ஆணையம்தான் இந்தக் கேள்வியை மறுபடி கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை கடைக்காரர்கள் செய்யக்கூடியது இரண்டு. பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்யுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகைக்கு ரூ.4,500. பதிவுச் சான்று இருந்தால், போட்டியாளர் தன் விளம்பர வாசகத்தில் உங்கள் பெயரை எழுதுவதைத் தடுக்கக் கூகுளிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். கீவேர்டாக வாங்குவதைத் தடுக்க முடியாது, வாசகத்தையாவது தடுக்கலாம். இரண்டாவது, அடுத்த மாத பில் வரும்போது சொந்தப் பெயருக்குப் போனது எவ்வளவு என்று தனியாகப் பிரித்துக் கேளுங்கள். பிரித்துத் தராத ஏஜென்சியை மாற்றிவிடுங்கள். அது என்னுடையதாக இருந்தாலும் சரி.