மனுவுக்கு முந்திய பாட்டு

மலேசியாவின் பேராக்கில், லூமுட்டிலிருந்து சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் போகும் சாலையோரம் ரப்பர் நிரைகள் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் கலைந்தன. விடியுமுன் ஆள் கணக்கெடுத்த பெரட்டுக் களங்களும் மறைந்தன. அந்த லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பலர் கப்பல் பட்டறையிலும் தங்கும் விடுதியிலும், காவல் வேலையிலும் துப்புரவு வேலையிலும் குத்தகையாளர்களின் கீழ் உழைக்கிறார்கள். ஒருவர் வேலை முடிந்து வீடு திரும்பும்போது இன்னொருவர் வேலைக்குக் கிளம்புகிறார். தொழிற்சங்கக் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்று கிளைத் தோழர்கள் வருந்துவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால், சங்கம் வருமுன்பே தோட்டத்து மக்கள் கூடினார்கள். கோயில் திடலில் கூத்துக்கும், சாவு வீட்டில் ஒப்பாரிக்கும் கூடினார்கள். கப்பலேறி வந்த துயரத்தையும் கங்காணியின் ஏச்சையும் பால்மரம் வெட்டும் பெண்கள் பாட்டில் வைத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் கொடுத்த முதல் மனு அந்தப் பாட்டுதான். பேராக் தோட்டப்புறத்திலிருந்து வந்த முத்தம்மாள் பழனிசாமி, தாம் கேட்டு வளர்ந்த அந்தப் பாடல்களை ‘நாட்டுப்புறப் பாடலில் என் பயணம்’ என்ற நூலாக்கினார். அதை இலக்கிய அலமாரியில் மட்டும் வைக்கக் கூடாது. சங்கப் பயிற்சி வகுப்பிலும் அதற்கு இடம் வேண்டும்.

பாட்டுக்குச் சங்கத்தில் இடம் உண்டு என்பதை இலங்கை மலையகம் முன்பே உணர்ந்திருந்தது. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், தொழிலாளர் வாழ்வை நாடகமாகவும் எழுதினார். அவர் மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். பாடல்களை அச்சிட்டும் கொடுத்தார். பேச்சைக் கேட்டவர் வீடு திரும்புவதற்குள் பாதியை மறந்துவிடலாம். பாட்டைக் கேட்டவர் மறுநாள் மலையில் கொழுந்து கிள்ளும்போது அதைப் பக்கத்து நிரைக்காரிக்குச் சொல்லிக் கொடுப்பார்.

நம் மண்ணில் 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நினைப்போம். அதை வழிநடத்திய ஆர்.எச். நாதன் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றியவர். கூலி உயர்வோடு கள்ளுக்கடை ஒழிப்பும், பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வியும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லாத உரிமையும் அன்றைய கோரிக்கைகளில் இருந்தன. மானத்தைப் பற்றிய இந்தக் கோரிக்கைகள் சம்பளக் கணக்குப் புத்தகத்திலிருந்து பிறக்கவில்லை. மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசிய பேச்சிலிருந்து பிறந்தன. நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆனாலும் சங்கத்துக்கும் எழுத்துக்கும் இருந்த உறவு அறுந்துவிடவில்லை. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பின்னாளில் ‘சங்கமணி’ என்ற இதழையே நடத்தியது.

இன்று ஆண்டுக் கூட்டத்தில், தீர்மானங்களுக்கும் சாப்பாட்டுக்கும் இடையே ஒரு நடனம் வைக்கிறோம். கலை அங்கே இடைவேளையை நிரப்புகிறது, அவ்வளவே. இந்தப் பழக்கத்தை நாம் மாற்ற வேண்டும்.

கிளைச் செயலாளர்கள் மூன்று வேலைகளை உடனே தொடங்கலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரைமணி நேரத்தை உறுப்பினர்களின் கதைக்கும் பாட்டுக்கும் ஒதுக்குங்கள். பால் சேர்க்கும் மங்கும் வாளியும் சுமந்த மூத்தவர்களின் குரலை, அவர்கள் சம்மதத்தோடு, கைப்பேசியிலாவது பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் சேர்த்து வையுங்கள். குத்தகைத் தொழிலாளரின் ஒருநாள் வேலையைப் பத்து நிமிட நாடகமாக அவர்களையே நடிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சிரிப்பு எழுகிறது, எந்த இடத்தில் அரங்கு அமைதியாகிறது என்று கவனித்தால், பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோக வேண்டிய கோரிக்கை எதுவென்று தெரிந்துவிடும்.

பால்மரம் வெட்டிய தலைமுறை நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பதிவை அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிப் போட்டால், அந்தக் குரல்களில் சில அப்போது நம்மிடம் இருக்காது. இந்த மாதக் கூட்டத்துக்கு ஒரு பாட்டியை அழைத்து வாருங்கள். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சந்தா ரசீதை அதற்குப் பிறகு நீட்டலாம்.