கோஷம் போட்ட பிள்ளை டாக்டர் ஆகக்கூடாதா?

தோழர்களே, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் உங்க வீட்டுல நீட் எழுதுற பிள்ளை இருந்தா இதை முழுசா படிங்க.

நம்ம மாவட்டத்துக்கு போராட்டம் புதுசில்ல. மேய்ச்சல் நிலத்தை சிப்காட்டுக்கு எடுத்தப்போ தேர்வாய் கண்டிகை மக்கள் எதிர்த்து நின்னாங்க. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து பழவேற்காடு மீனவர்கள் நின்னாங்க. இப்படி ரோட்டுல உட்கார்ந்தா என்ன நடக்கும்? வேன்ல ஏத்தி கல்யாண மண்டபத்துல வைப்பாங்க, சாயங்காலம் விட்டுடுவாங்க. அதோட முடிஞ்சுதுன்னு நாம வீட்டுக்கு வந்துடுறோம். ஆனா 143, 188, 341னு போட்ட எஃப்.ஐ.ஆர் ஸ்டேஷன்லயே கிடக்கும். புதுச் சட்டத்துல நம்பர் மாறியிருக்கு, அபராதமும் கூடியிருக்கு.

பழைய சட்டத்துல 341-க்கு அதிகபட்ச தண்டனை என்னவா இருந்துச்சு தெரியுமா? ஒரு மாசம் சிறை, 500 ரூபாய் அபராதம். அவ்வளவுதான்! ஆனா அந்தப் பேப்பர் கொடுக்கிற தண்டனை வேற.

18 வயசுல வழக்கு. எம்.பி.பி.எஸ் படிச்சு ஹவுஸ் சர்ஜன் முடிக்க ஐந்தரை வருஷம். எம்.ஆர்.பி தேர்வு எழுதி அரசு டாக்டர் வேலைக்குப் போனா போலீஸ் வெரிஃபிகேஷன். மேற்படிப்புக்கு வெளிநாடு போகலாம்னா, கோர்ட்டுல வழக்கு நிலுவையில இருந்தா பாஸ்போர்ட்டையே மறுக்கலாம்னு 1967 பாஸ்போர்ட் சட்டம் சொல்லுது. கோர்ட் அனுமதிக்கு அலையணும்.

இதே நாட்டுல வழக்கு நிலுவையில இருக்கிறவர் எம்.எல்.ஏ ஆகலாம், மந்திரியும் ஆகலாம். பொதுவா 2 வருஷத் தண்டனை வந்தாதான் பதவி போகும். சட்டம் எழுதுறவருக்கு ஒரு நியாயம், ஊசி போடுறவருக்கு ஒரு நியாயமா?

கோர்ட் நம்ம பக்கம்தான் பேசியிருக்கு. 2016-ல அவதார் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம், இளவயசுல கோஷம் போட்டது மாதிரி சின்ன வழக்கை மறைச்சிருந்தாக்கூட வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம்னு சொல்லுச்சு. 2018-ல ஜீவானந்தம் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம், 188-ல போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர் போட முடியாதுன்னே தீர்ப்பு கொடுத்துச்சு. இந்தச் சின்னப் பிரிவுகளுக்கு ஒரு வருஷக் காலவரம்பும் சட்டத்துல இருக்கு. அப்புறம் எதுக்கு வருஷக்கணக்கா கோப்பைத் திறந்தே வைக்கணும்?

"அரசால முடியாது"ன்னு யாராவது சொன்னா தூத்துக்குடியைக் காட்டுங்க. ஸ்டெர்லைட் போராட்ட வழக்குகளை 2021 மே மாசம் அரசு வாபஸ் வாங்குச்சு. படிப்புக்கும் வேலைக்கும் தடையில்லாச் சான்று கொடுக்கவும் உத்தரவு போட்டுச்சு. அங்க 13 உயிர் போனதுக்கு அப்புறம் கிடைச்ச நியாயம் அது. இங்கயும் பிணம் விழணுமா?

நம்ம கோரிக்கை மூணு:

1. திருவள்ளூர் மாவட்ட போலீசும் ஆவடி கமிஷனரேட்டும் காலவரம்பு தாண்டின போராட்ட வழக்குகளை உடனே முடிக்கணும்.
2. பட்டியலை வெளியிடணும்.
3. மாணவர்களுக்குத் தடையில்லாச் சான்று கொடுக்கணும்.

அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது: தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துல எஃப்.ஐ.ஆர் நகல் எடுங்க. விண்ணப்பத்துல கேட்டா மறைக்காதீங்க. வழக்கை விட மறைச்சதுதான் பலர் வேலையைக் காவு வாங்கியிருக்கு. வழக்கை ரத்து பண்ண உயர் நீதிமன்றம் போகலாம். வக்கீலுக்குக் காசில்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100.

போராடுறது குற்றமில்ல. பகிருங்க தோழர்களே!

#போராட்டம்_குற்றமல்ல #வழக்கை_முடி