பள்ளிக்கூட விஞ்ஞானமும் வீட்டுப் பஞ்சாங்கமும்

புதுவையைச் சேர்ந்த நெட்டப்பாக்கம் கொம்யூனிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இன்று ஏர் உழுகிறவன் பிள்ளையும், கரும்பு வெட்டுகிறவன் பிள்ளையும், ஆடு மேய்க்கிறவன் பிள்ளையும் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து விஞ்ஞானம் படிக்கின்றார்கள். முன்னெல்லாம் பௌதிகம், இரசாயனம், ஜீவசாஸ்திரம் என்று சொல்லப்பட்டு, இப்போது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று சொல்லப்படும் மூன்றும் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டு விடுகின்றன. இது மிகவும் சந்தோஷப்படத்தக்க விஷயமேயாகும். ஆனால், அந்தப் படிப்பு பிள்ளைகளின் புத்தியில் போய்ச் சேருகின்றதா, அல்லது பரீட்சைக் காகிதத்தோடு நின்று விடுகின்றதா என்பதுதான் நமது கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு ஏன் வந்தது என்பதைச் சொல்லுகின்றோம். 2025-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி இரவு பூரண சந்திர கிரகணம் பிடித்தது. இரவு 11 மணி முதல் சுமார் 82 நிமிஷம் சந்திரன் செம்பு நிறமாய்த் தெரிந்தது. அன்று நாம் நெட்டப்பாக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தோம். அவ்வீட்டு மருமகள் கர்ப்பிணி. மத்தியானம் முதல் அப்பெண்ணை ஓர் இருட்டறையில் உட்கார வைத்து, சோறு மாத்திரமல்ல, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்தால் பிள்ளை உதடு பிளந்து பிறக்குமாம். அதே வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பில் படிக்கிறவன். விஞ்ஞானத்தில் நல்ல மார்க்கு வாங்குகிறவன். “தம்பி, கிரகணம் என்றால் என்ன?” என்று கேட்டோம். உடனே ஒரு காகிதத்தில் சூரியன், பூமி, சந்திரன் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் போட்டு, பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதைப் பிழையின்றி வரைந்து காட்டினான். “அப்படியானால் அந்த நிழல் உன் அண்ணியின் வயிற்றுக்குள் எப்படிப் போகும்?” என்று கேட்டோம். பையன் சிரித்துக்கொண்டு, “அது பரீட்சைக்கு, மாமா, வீட்டில் பாட்டி சொல்லுவதுதான்” என்றான்.

பையன்மேல் நமக்குக் கோபமில்லை. அவனுக்கு விஞ்ஞானம் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கின்றது. மனப்பாடம் செய்தவனுக்கு எதையும் எதோடும் பொருத்திப் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படாது. அது மந்திரத்தை மனப்பாடம் செய்வது போன்றதுதான்.

இந்த வியாதி இன்று நேற்று வந்ததல்ல. இதற்குப் புதுவையிலேயே ஓர் அத்தாட்சி இருக்கின்றது. பட்டாளத்தில் வேலை பார்த்து, சென்னை வானாராய்ச்சி நிலையத்திலும் அதிகாரியாயிருந்த ஜான் வாரன் என்பவர் 1825-ம் வருஷத்தில் “கால சங்கலிதம்” என்னும் புஸ்தகத்தை வெளியிட்டார். அதில், புதுவையில் குடியிருந்த ஒரு பஞ்சாங்கக்காரர் தமக்குச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய விதத்தை எழுதியிருக்கின்றார். காகிதமில்லை, எழுதுகோலில்லை. தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாயிருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லிக் கூட்டிக் கழித்து, கிரகணம் பிடிக்கும் நேரமும் விடும் நேரமும் சொல்லிவிட்டார். 1825 மே கடைசியில் நடந்த கிரகணத்தோடு ஒத்துப் பார்த்ததில், தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுமே பிசகு. சோழியை வைத்துக் கொண்டு இவ்வளவு கணித்தது கெட்டிக்காரத்தனந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால், ஏன் அப்படிக் கூட்ட வேண்டும், ஏன் அப்படிக் கழிக்க வேண்டும் என்கின்ற தத்துவத்தில் ஒரு வார்த்தையும் அந்தக் கணக்கருக்குத் தெரியாது என்று வாரன் எழுதுகின்றார்.

தோழர்களே! இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். ஆதியில் அந்த வாய்பாட்டைக் கட்டினவன் வானத்தைக் கண்ணால் பார்த்து, அளந்து, யோசித்துத்தான் கட்டியிருப்பான். பின்னால் வந்தவர்கள் யோசனையை விட்டுவிட்டு வாய்பாட்டை மாத்திரம் பிடித்துக் கொண்டார்கள். அதனால்தான், கிரகணம் இத்தனை நாழிகைக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லுகின்ற அதே பஞ்சாங்கம், இராகு கேது என்கின்ற பாம்பு விழுங்குவதாகவும் சொல்ல முடிகின்றது. பாம்பு விழுங்குவது உண்மையானால் அது கணக்குப் பார்த்தா பசியெடுத்து வரும்? அன்று சோழி வைத்தவருக்கும், இன்று படம் வரைந்த பையனுக்கும் என்ன வித்தியாசம்? இருவருக்கும் விடை தெரியும், காரணத்தோடு சம்பந்தமில்லை.

நிற்க, இந்தப் படிப்பு நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. நெட்டப்பாக்கத்திலிருந்து சிறிது தூரத்திலுள்ள பாகூரில் 9-ம் நூற்றாண்டிலேயே ஒரு பெரிய வித்தியாஸ்தானம் இருந்தது. நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் 3 கிராமங்களின் வருமானத்தை அதற்கு எழுதி வைத்த செப்பேடுகள் 19-ம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டன. அந்த 3 கிராமங்களில் உழுதவர்கள் யார்? அங்கே வேதம் முதலியவைகளைப் படித்தவர்கள் யார்? உழுதவன் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இடமிருந்திருக்குமா என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளட்டும். அதற்கு ஆயிரம் வருஷத்துக்குப் பின், பிரஞ்சுக்காரர் ஆட்சியை எதிர்த்தவர்கள் 1954-ல் தற்காலிக அரசாங்கம் அமைத்த ஊர் இதே நெட்டப்பாக்கந்தான். இன்று நம் பிள்ளைக்குப் பள்ளியில் பெஞ்சு கிடைத்திருக்கின்றது. இத்தனை காலம் காத்திருந்து கிடைத்த படிப்பை மறுபடியும் சோழிக் கணக்காக்கி விடலாமா?

ஆகவே, பத்தாம் வகுப்புப் புஸ்தகத்தில் உள்ள சில சாதாரண விஷயங்களை எடுத்து, அவை வீட்டுக்கும் வீதிக்கும் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைக் காட்டுவோம்.

முதலில் இயற்பியல். நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் தீமிதி நடப்பது எல்லோருக்கும் தெரியும். காலில் கொப்புளம் காணாவிட்டால் அம்மன் மகிமை. கண்டுவிட்டால் விரதத்தில் குறை. எப்படியானாலும் அம்மன் தோற்பதில்லை! ஆனால் புஸ்தகம் என்ன சொல்லுகின்றது? சில பொருள்கள் சூட்டைச் சீக்கிரம் கடத்தும், சில பொருள்கள் மெதுவாய்க் கடத்தும் என்று சொல்லுகின்றது. இரும்புக் கரண்டியின் காம்பு சுடுவதும், மரக் கரண்டியின் காம்பு சுடாததும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்ததே. கட்டைக்கரியும் சாம்பலும் சூட்டை மெதுவாய்க் கடத்துகிறவை. ஓர் அடிக்கு ஒரு வினாடிகூட ஆகாமல் வேகமாய் நடந்து விட்டால் காலைச் சுடுவதற்குப் போதுமான சூடு ஏறாது. நின்றாலோ, தடுக்கி விழுந்தாலோ, பக்தனானாலும் வெந்துதான் போவான். அதே குண்டத்தில் ஓர் இரும்புத் தகட்டைக் காய வைத்து அதன்மேல் நடக்க எந்த விரதக்காரராவது சம்மதிப்பாரா என்று கேட்கின்றோம். (பரீட்சை பார்க்கிறேன் என்று பிள்ளைகள் யாரும் நெருப்பில் இறங்க வேண்டாம். கரண்டியை வைத்துப் பார்த்தாலே போதும்.)

இரண்டாவது வேதியியல். எலுமிச்சம்பழத்தை அறுத்து இரத்தம் வர வைத்து, “செய்வினை இருக்கிறது” என்று சொல்லிப் பணம் பறிக்கிற மந்திரவாதிகளை நாம் பார்த்திருக்கின்றோம். கத்தியில் செம்பருத்திப் பூவை நன்றாய்த் தேய்த்து உலர விட்டு, அதனால் பழத்தை அறுத்தால் சாறு சிவப்பாய் வழியும். அமிலம் பட்டால் செம்பருத்திச் சாயம் சிவக்கும் என்பதுதான் அதிலுள்ள இரகசியம். மஞ்சளோ இதற்கு மாறு. சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். நம் வீட்டில் ஆரத்தி கரைக்கிற தாய்மார்கள் இந்த இரசாயனத்தை எத்தனையோ காலமாய்ச் செய்து வருகின்றார்கள். காரணத்தை மாத்திரம் ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அது தெரிந்தால் மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணம் அவர்கள் முந்தானையிலேயே இருக்கும்.

மூன்றாவது உயிரியல். இதில்தான் உயிரும் மானமும் இருக்கின்றன. பெண் குழந்தையாகப் பெறுகிறாள் என்று மருமகளைத் திட்டாத தெரு எது? அதற்காக இரண்டாந்தாரம் கட்டினவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புப் புஸ்தகம் என்ன சொல்லுகின்றது? தாயிடமிருந்து எப்போதும் எக்ஸ் என்னும் குரோமோசோமே வருகின்றது; தகப்பனிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண் என்கின்றது. அதாவது, குற்றம் என்று ஒன்று சொல்லித்தான் தீரவேண்டுமானால் அது புருஷன் பக்கத்தைச் சேர்ந்தது. பெண் பிறப்பது குற்றமே அல்ல என்பது வேறு விஷயம். 1905-ம் வருஷத்தில் மாவுப்புழு வண்டுகளை ஆராய்ந்து இதைக் கண்டு சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் பெண்மணி. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேலாகியும் நம் வீட்டு மாமியாருக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லையென்றால், புஸ்தகத்தைப் பையில் வைத்துக் கொண்டு வீட்டுக்கும் பள்ளிக்கும் நடக்கிற பிள்ளை எதற்காக நடக்கின்றான்?

பாம்புக்கடியும் அப்படியே. வயலிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு இது ஆயுள் சம்பந்தமான விஷயம். கடித்தவுடன் மந்திரிக்கப் போகின்றார்கள். சிலர் பிழைத்தும் விடுகின்றார்கள். ஏன்? கடிக்கிற பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில வேளைகளில் விஷத்தை இறக்காமலே கடிக்கும். பிழைத்தவனை மந்திரவாதி தன் கணக்கில் எழுதிக் கொள்ளுகின்றான். செத்தவனை விதியின் கணக்கில் எழுதி விடுகின்றான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் விஷத்துக்கும் மாற்று மருந்து இருக்கின்றது. புதுவையைப் போலவே அன்று பிரஞ்சுக்காரர் வசமிருந்த சைகோனில் வேலை பார்த்த கால்மெத் என்னும் டாக்டர் 1890-களில் இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர். விஷத்தைச் சிறிது சிறிதாய்க் குதிரைக்கு ஏற்றினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்து மனிதனுக்கு ஏற்றுகின்றார்கள். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கொண்ட இருளர்கள்; ஊருக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்ட ஜனங்கள். உயிர் காக்கும் மருந்து அவர்கள் கைவழியாய் வருகின்றது என்பதை ஜாதி பேசுகிறவர்கள் கவனிக்கட்டும். ஆகையால், பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட அவயவத்தை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இனி, நம் எதிரிகள் சொல்லும் ஒரு சமாதானத்தைக் கவனிப்போம். “இராக்கெட் விடுகிற விஞ்ஞானிகளே முதல் நாள் கோயிலுக்குப் போகிறார்களே, உனக்கென்ன அதிகம் தெரியும்?” என்கின்றார்கள். போகட்டும், அது அவரவர் இஷ்டம். ஆனால் இராக்கெட் எதனால் போகின்றது என்பதல்லவா கேள்வி? 1979 ஆகஸ்டு 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் விட்ட எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. உடனே எந்தத் தேவதைக்குக் குறை வைத்தோம் என்றா ஆராய்ந்தார்கள்? இரண்டாம் அடுக்கில் ஒரு வால்வு கோளாறாகி அமிலம் கசிந்ததைக் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். 1980 ஜூலை 18-ந் தேதி அது ரோகிணியைத் தூக்கிக் கொண்டு வானத்தில் ஏறிற்று. ஏற்றினது வேண்டுதலா, வால்வா என்பதை அவர்களையே கேட்டுப் பாருங்கள். தவிரவும், விஞ்ஞானம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து விட்டதாக நாம் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தேடுவதுதான் விஞ்ஞானம். தெரியாததற்கு ஒரு பேர் வைத்து உண்டியல் கட்டுவது விஞ்ஞானமாகாது.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023-ம் வருஷம் முதல் புதுவை சர்க்கார் பள்ளிகள் மத்திய போர்டு பாடத் திட்டத்துக்கு மாற்றப்பட்டன. பாடம் எந்த போர்டாயிருந்தாலும், எந்தப் பாஷையிலிருந்தாலும், பிள்ளை அதைத் தன் ஆத்தாளுக்குத் தமிழில் சொல்ல முடியாவிட்டால் அவனுக்கு அது புரியவில்லை என்றே அர்த்தம். “ஏன்?” என்று கேட்கிற பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று உட்கார வைக்காதீர்கள். விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரிக்கும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவில் 1976-ம் வருஷத்திலேயே எழுதி வைத்திருக்கின்றார்கள். ஆகவே, கேள்வி கேட்கிற பிள்ளை சட்டப்படி தன் கடமையைச் செய்கிறவன்.

கடைசியாகப் பெற்றோர்களைக் கேட்டுக் கொள்ளுகின்றோம். வாரத்திற்கொரு நாள் உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, “இந்த வாரம் பள்ளியில் என்ன படித்தாய்? அதற்கும் நம் வீட்டில் செய்கிறதற்கும் ஒத்துப் போகிறதா?” என்று மாத்திரம் கேளுங்கள். நீங்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாயிருந்தாலும் பாதகமில்லை. கேட்பதற்கு எழுத்து வேண்டியதில்லை. நெட்டப்பாக்கத்தில் அந்தப் பையன் வரைந்த படம் சரியான படம். அடுத்த கிரகணத்தன்று அதைப் பாட்டி கையில் கொடுத்து விளக்கிச் சொல்லி, அண்ணிக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பானானால், அன்றுதான் அவன் விஞ்ஞானத்தில் தேறினவன் என்று நாம் ஒப்புக் கொள்ளுவோம்.