பால் ஊற்றும்போதே வடிகட்டணும்!

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டை, பல வருடமாக நான்தான் எழுதி வருகிறேன். சமீபத்தில் விடுமுறைக்கு வந்த, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கும் என் மகள், 'இன்னும் என்னம்மா நோட்டும் பேனாவும்?' என கேலி செய்தாள். ஏ.ஐ.,யிடம் சொல்லி, அரை மணி நேரத்தில் கணக்கு போடும் புரோகிராமை எழுத வைத்து விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ரப்பர் பால் வெட்டும் அக்கா ஒருவரின், 10,000 ரூபாய் கடனை போட்டுப் பார்க்கச் சொன்னேன். நூற்றுக்கு மாதம், 1 ரூபாய் வட்டி. அசலில் மாதம், 1,000 ரூபாய் கழியும். மீதி அசலுக்குத்தான் வட்டி என்பதால், பத்து மாதத்தில், 550 ரூபாய் வர வேண்டும். புரோகிராமோ, 1,000 ரூபாய் என்றது! அதிகப்படி, 450 ரூபாயை அந்த அக்கா எங்கே போய் புரட்டுவார்?

'டெஸ்ட் பண்ணினேனேம்மா... சரின்னுதானே வந்துது' என்றாள். அந்த டெஸ்டை எழுதியதும் அதே ஏ.ஐ.,தானாம். 'பரீட்சை எழுதினவனே பேப்பரையும் திருத்தினா எப்படி மக்களே?' என்றேன்.

திருத்தியதும் வட்டி சரியானது. ஆனால், முன்பு சரியாக இருந்த, தவணை தவறியவர்களின் கணக்கு கெட்டுப் போனது!

எங்கள் ஊரில், ரப்பர் பாலை வடிகட்டி, ஆசிட் விட்டு உறைய வைத்து, மிஷினில் ஷீட் அடித்து, புகை போட்டு, கடைசியில் வெளிச்சத்தில் பிடித்து தரம் பார்ப்பர். பாலில் கிடந்த தூசி, அப்போது நன்றாகத் தெரியும், எடுக்கத்தான் முடியாது.

கடந்த, 2025 ஜூலையில், ரெப்லிட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஏ.ஐ., 'எதையும் மாற்றாதே' என்று சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் நிஜ தகவல்களையே அழித்து விட்டது. அதன் தலைவர் மன்னிப்பு கேட்டார். சோதித்துப் பார்க்கும் இடத்தையும், நிஜ தகவல் இருக்கும் இடத்தையும் தனித்தனியாகப் பிரித்தது, அதற்குப் பிறகுதான். பெரிய கம்பெனிக்கே இந்த கதி என்றால், எங்கள் குழு எம்மாத்திரம்!

இப்போது என் மகள், குழுவின் விதிகளை முதலில் பேப்பரில் எழுதி, என்னிடம் காட்டிய பிறகே ஏ.ஐ.,யிடம் கேட்கிறாள். எழுதித் தந்ததை ஒவ்வொரு பகுதியாகப் படித்துப் பார்க்கிறாள். ஒரு வரி மாறினாலும், என் நோட்டில் இருந்து எடுத்த பத்து பழைய கணக்குகளையும் மறுபடி போட்டுப் பார்க்கிறாள். 'வேலை இழுக்குதேம்மா...' என்ற முனகலும் உண்டு. இழுக்கட்டுமே!

மூன்று மாதம் நோட்டிலும், புரோகிராமிலும் சேர்த்து எழுதி, பைசா சுத்தமாக ஒத்துப் போனால் மட்டுமே நோட்டை மூடுவது என, குழுவில் சொல்லி விட்டேன்.

— ஒரு வாசகி, கீரிப்பாறை.